வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன்

ஆரஞ்சு நிற உடலில் கறுப்புக் கரையிட்ட மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட சிறு கடல்மீனை அலங்கார மீன் கடைகளில் பலரும் பார்த்திருப்பர். கோமாளி மீன் என்பது இதன் பெயர். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலக் கார்ட்டூன் திரைப்படம் ஒன்றுக்குப் பிறகு 'நீமோ' என்று சொன்னால்தான் குழந்தைகளுக்குப் புரிகிறது. நன்னீர் மீனைப்போல ஒரு கண்ணாடித் தொட்டியும் கொஞ்சம் உப்பும் இருந்தால் போதும் என்று எண்ணி, இதனை வாங்கிச் சென்று ஒரு வாரத்தில் இழப்பவர்கள் உண்டு. மீன் சாவதோடு தொட்டி, விளக்கு, பம்பு ஆகியவற்றுக்குச் செலவிட்ட பணமும் வீணாகிறது. ஒரு போக நெல்லில் கையில் நிற்கும் மிச்சத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பவருக்கு அது சிறிய தொகையன்று.

ஆயினும் இம்மீனைப் பழுதின்றி வளர்க்க ஒரு விவசாயிக்குத் தேவையான அறிவில் பாதி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. உவர் நிலம், யூரியா, சுண்ணாம்பு, பூச்சிமருந்து ஆகியவற்றைப் பற்றி வயலில் கற்றதெல்லாம் இங்கே அப்படியே பயன்படும். எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீனின் இயல்பு

கோமாளி மீன்கள் பவளப்பாறைப் பகுதிகளில் வாழ்பவை. கடையில் மிகுதியாகக் கிடைக்கும் ஆரஞ்சு நிற இனத்தின் அறிவியல் பெயர் ஆம்ஃபிப்ரையான் ஓசெல்லாரிஸ். இது அந்தமான் கடலிலும் அதற்குக் கிழக்கேயும் உள்ளது. நம்முடைய மன்னார் வளைகுடாவில் வாழ்வது ஆம்ஃபிப்ரையான் சேபே என்னும் இனம். கருமை கலந்த உடலும், இரண்டு வெள்ளைப் பட்டைகளும், மஞ்சள் வாலும் உடையது. ஓசெல்லாரிஸ் 8 முதல் 10 செ.மீ. வரை வளரும், சேபே அதைவிடப் பெரியது, ஏறத்தாழ அரையடி வரை வளரக்கூடியது.

கடலில் இம்மீன் கடல்தாமரைக்குள் குடியிருக்கும். கடல்தாமரை செடியன்று, கொட்டும் இழைகளைக் கொண்ட உயிரினம். அவ்விழைகள் மற்ற சிறு மீன்களைக் கொல்லும். கோமாளி மீனின் உடலில் உள்ள வழவழப்பான படலம் அதனைக் காக்கிறது. எனவே பகை மீன்கள் துரத்தும்போது இது இழைகளுக்குள் புகுந்துகொள்கிறது. வீட்டுத் தொட்டியில் பகை இல்லையாதலால் கடல்தாமரையும் தேவையில்லை. கடைக்காரர் சேர்த்து விற்க முயன்றால் வாங்க வேண்டாம். அதற்கு வலுவான வெளிச்சமும் பல மாதங்கள் பழகிய நீரும் வேண்டும். அது செத்தால் ஓரிரவில் தொட்டி முழுவதும் அழுகிவிடும்.

இம்மீனின் குடும்ப அமைப்பு விந்தையானது. குஞ்சுகளில் பெண் கிடையாது. கூட்டத்தில் எல்லாவற்றிலும் பெரியது பெண்ணாக மாறும். அதற்கு அடுத்தது ஆணாக முதிரும். மற்றவை வளர்ச்சி அடங்கிக் காத்திருக்கும். பெண் இறந்துவிட்டால் ஆண் மீனே சில வாரங்களில் பெண்ணாகிவிடும், காத்திருந்தவற்றுள் பெரியது ஆணாகும். ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகும் இம்மாற்றம் திரும்பி நடப்பதில்லை. ஆகவே ஆண் எது, பெண் எது என்று கடையில் தேடிப் பயனில்லை. ஒன்று சற்றுப் பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இரண்டு குஞ்சுகளை வாங்கினால் அவையே தமக்குள் முடிவு செய்துகொள்ளும். மூன்றாவதாக ஒன்றை விட்டால் இரண்டும் சேர்ந்து அதைக் கடித்தே கொன்றுவிடும்.

எங்கே பிறந்த மீன்?

வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மீன் கடலில் பிடிக்கப்பட்டதா, பொரிப்பகத்தில் பிறந்ததா என்பதே. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சு தொட்டிக்கும் உலர் தீனிக்கும் பழகியது, நோய் குறைவு, விலை சற்றுக் கூடினாலும் பிழைக்கும். கடலில் பிடித்தது தீனி எடுக்காமலே மெலிந்து சாவது உண்டு.

இந்தியாவில் கோமாளி மீனின் செயற்கை இனப்பெருக்கம் புதிதன்று. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மைய விஞ்ஞானிகள் சேபே இனத்தைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்த முறையை 2001-இல் வெளியிட்டனர். (இந்நிலையம் 1947-இல் தொடங்கப்பட்டது, தலைமையிடம் 1971-இல் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாறியது.) பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் பல கோமாளி மீன் இனங்களைப் பெருக்கியுள்ளது. இவ்வளவு இருக்கும்போது பவளப்பாறையிலிருந்து பிடித்து வர வேண்டிய அவசியம் இல்லை.

பவளப்பாறையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தூத்துக்குடியை ஒட்டிய வான்தீவு, காசுவார், காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகிய நான்கும் இவற்றுள் அடங்கும். இப்போது விலாங்குச்சல்லி கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. வேம்பாருக்கும் கீழக்கரைக்கும் அப்பால் இருந்த தீவுகளில் பூவரசன்பட்டியும் அவ்வாறே மூழ்கியது. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல பத்தாண்டுகள் பவளக்கல் வெட்டி எடுத்ததே இதற்கு முக்கியக் காரணம். கரை அரிக்கும் ஆற்றில் கருங்கல் தடுப்பை உடைத்தெடுத்தால் என்ன ஆகுமோ அதுவே அங்கும் ஆயிற்று. பவளம், கடற்குதிரை, கடல் அட்டை முதலியவை 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்த பவளக்கல்லை அலங்காரத்துக்காக வைத்திருப்பதும் குற்றமே. 'உயிர்ப்பாறை' என்று சொல்லி யாரேனும் கொடுத்தால் தொடாதீர்கள்.

தொட்டி

மூன்று அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி ஒரு சோடி மீனுக்குப் போதும். மேலே இரண்டு அங்குலம் விட்டு, அடியில் மணலும் பரப்பினால் சுமார் 100 லிட்டர் நீர் பிடிக்கும். சிறிய தொட்டி மலிவு என்று இறங்குவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. நீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் விரைவாக மாறும். பத்து லிட்டர் கிண்ணத்தில் கடல்மீன் வளர்ப்பது நிபுணருக்கும் கடினம். நீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து இரண்டு நெல் மூட்டைப் பாரம் வரும். தாங்கும் மேசை வேண்டும். வடக்குச் சுவர் ஓரமாக, வெயில் நேரே படாத இடம் நல்லது.

அடியில் பரப்ப ஆற்று மணலைவிடச் சிப்பி, கிளிஞ்சல் நொறுக்கல் மேலானது. கடல்நீரின் காரநிலை (பி.எச்.) 8.1 முதல் 8.3 வரை இருக்க வேண்டும். மீனின் கழிவால் அது மெல்ல மெல்லப் புளிக்கும். புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவதைப்போலக் கிளிஞ்சல் அதனை ஓரளவு ஈடு செய்யும். காளவாயில் சுடாத கிளிஞ்சலையே சொல்கிறோம். சுட்ட சுண்ணாம்பைப் போட்டால் மீன் வெந்து போகும். சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துச் செந்நிறத் தேரி மணல் இதற்கு ஏற்றதன்று. கடற்கரையில் அள்ளும் கருமணலும் வேண்டாம்.

ஒளிந்துகொள்ள ஒரு மறைவு தேவை. காருகுறிச்சி மண்பானைகள் நம் பகுதியில் பெயர் பெற்றவை. வர்ணம் பூசாத சிறு பானையொன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் போதும். பொரிப்பகங்களிலும் முட்டையிடுவதற்கு மண்சட்டியும் ஓட்டுத் துண்டுமே வைக்கிறார்கள்.

கடல்நீர்

ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. "தூத்துக்குடி உப்பு பக்கத்திலேயே கிடைக்கிறதே, அதைக் கிணற்று நீரில் கரைத்தால் என்ன?" என்று பலரும் கேட்பர். இது சரிவராது. உப்பளத்தில் கடல்நீரைக் காய வைக்கும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து பிரிகின்றன. அதன் பிறகே சோறுப்பு விளைகிறது. மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன; அந்நீரை வடித்துவிடுகிறார்கள். எஞ்சும் சமையல் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. தழைச்சத்தை மட்டும் இட்டு, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இடாத வயலைப்போன்றது இந்நீர். மீன் சில நாள் தாக்குப்பிடிக்கும், பிறகு சாயும்.

ஆகவே வழி இரண்டே. ஒன்று, கடல்மீன் தொட்டிக்கென்றே எல்லாத் தாதுக்களும் சேர்த்து விற்கும் உப்புக் கலவை. 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ தேவை. மற்றது, உண்மையான கடல்நீர். திருநெல்வேலியிலிருந்து கடல் ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால் இரண்டாவது வழி நமக்குச் சிக்கனமானது. ஆனால் எங்கே, எப்போது எடுப்பது என்பது முக்கியம். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலை ஒட்டி எடுக்கக் கூடாது. ஆற்றுநீர் கலந்து உப்பு குறைந்திருக்கும். துறைமுகம், ஆலைகள், சாக்கடை முகம் ஆகியவற்றின் அருகிலும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நீர் கடலோரத்தை நீர்க்கச் செய்யும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணியும் பெருக்கெடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய வெள்ளத்துக்குப் பின் பல வாரங்கள் கரையோர நீரைத் தொடாமலிருப்பதே நல்லது. மாசி முதல் வைகாசி வரையிலான தெளிந்த நாளில், ஏற்ற நேரத்தில், ஊருக்கு ஒதுங்கிய கரையில் எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கறுப்பு பிளாஸ்டிக் டிரம்மில் மூடி இரண்டு வாரம் தெளிய வைக்க வேண்டும். டிரம் புதியதாயிருக்கட்டும். பூச்சிமருந்து வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

உப்பின் அளவை அறிய அடர்த்திமானி கடைகளில் கிடைக்கும். 1.023 முதல் 1.025 வரை காட்ட வேண்டும். விதைநெல் தேர்வுக்கு உப்புக் கரைசலில் முட்டையை மிதக்க விட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தச் சோதனை இங்கே உதவாது. முட்டை மிதக்கும் கரைசல் கடல்நீரைப்போல் மூன்று நான்கு மடங்கு உப்பு கொண்டது. சரியான கடல்நீரில் புது முட்டை மூழ்கவே செய்யும்.

தினந்தோறும் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 100 லிட்டரில் 5 லிட்டர் வற்றினால் லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 37 கிராமை நெருங்கும். உவர் நீர்ப் பாசனத்தில் ஆண்டுக்காண்டு மண்ணில் உப்பேறுவதும் இவ்வாறுதான். எனவே வற்றிய அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு மேலும் ஏறும். தொட்டியின் வெளியே நீர்மட்டத்தில் ஒரு கோடு கிழித்து வைத்து, காலைதோறும் அக்கோடு வரை நிரப்பினால் போதும். குடிநீர்க் குழாய் நீரில் குளோரின் இருப்பதால் அகன்ற பாத்திரத்தில் இரண்டு நாள் திறந்து வைத்து, நன்கு கலக்கிவிட்டு ஊற்றவும். குளோரின் நீக்கும் தயோசல்பேட் கரைசலும் கடையில் கிடைக்கும். நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் தானே உவர்ப்பாக இருக்குமாதலால் மழைநீரைப் பிடித்து வைப்பது உத்தமம்.

ஆற்றின் பெயரிலேயே தாமிரம் இருக்கிறது. தொட்டியில் தாமிரம் ஆகாது. செம்பு, பித்தளைக் குடங்களில் இந்நீரை எடுக்கக் கூடாது. இறால், நத்தை போன்றவற்றுக்கு மிகக் குறைந்த தாமிரமும் நஞ்சு.

ஆறு வாரக் காத்திருப்பு

புதுத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிது.

வயலில் யூரியா இட்டால் அது முதலில் அம்மோனியாவாகிறது. பின்னர் நைட்ரசோமோனாஸ் முதலிய மண் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறு பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொட்டியில் யூரியா மூட்டைக்குப் பதில் மீனின் கழிவும் தின்னாமல் மிஞ்சிய தீனியும். அவையும் அம்மோனியாவாகின்றன. வித்தியாசம் ஒன்றே. வயலில் அம்மோனியா பயிருக்கு உணவு. தொட்டியிலோ அது மீனின் செவுள்களை அரிக்கும் நஞ்சு. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட் மட்டும் பெருமளவு தாங்கக்கூடியது.

புதிதாக நிரப்பிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் இருப்பதில்லை. மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் அவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே மூழ்கிச் சாகிறது. நன்னீர்த் தொட்டியில் இதே அளவு அம்மோனியா இருந்தும் மீன் பிழைத்துவிடுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. நீர் காரத்தன்மை அடைய அடைய அம்மோனியாவில் நச்சான பங்கு பல மடங்கு கூடும். களர் நிலத்தில் மேலாக வீசிய யூரியா காற்றோடு போவதற்கும் இதுவே காரணம். கடல்நீர் இயற்கையிலேயே காரமானது.

செய்ய வேண்டியது இதுதான். நீர் நிரப்பி, பம்பையும் வடிகட்டியையும் இயக்கி, மீன் இல்லாமலே நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன்தீனி போடுங்கள். நோயற்ற பழைய கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் தெரிந்தவராயின், அங்கிருந்து ஒரு பிடி மணல் வாங்கிப் போட்டால் பாலுக்கு உறை ஊற்றியதுபோல வேலை விரைவில் நடக்கும். மண் பரிசோதனை செய்யாமல் உரமிட மாட்டோம். இங்கும் அம்மோனியா, நைட்ரைட் பரிசோதனைச் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பின் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியம் காட்டி, ஒரு வாரம் அப்படியே நின்ற பிறகே மீன். வீட்டுப் பிள்ளைகள் இந்த ஆறு வாரமும் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். நாற்று முற்றும்வரை நடவுக்குக் காத்திருப்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியில் சேரும் நைட்ரேட்டை அகற்ற, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 லிட்டர் நீரை எடுத்துவிட்டு அதே உப்பளவுள்ள புதுக் கடல்நீரை ஊற்ற வேண்டும். அப்போது வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியாக்கள் ஒரு நிமிடத்தில் அழியும். எடுத்த கடல்நீரிலேயே அலசவும்.

வெப்பமும் மின்சாரமும்

இம்மீனுக்கு 25 முதல் 29 பாகை சென்டிகிரேடு ஏற்றது. நமக்குக் குளிர் பிரச்சினை இல்லை, வெயிலே பிரச்சினை. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் பகல் வெப்பம் 38, 39 பாகையைத் தொடும். மன்னார் வளைகுடாவிலேயே கடல் வழக்கத்துக்கு மேல் சூடேறிய 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்து ஏராளமாக மடிந்தன. கடலுக்கே அந்நிலை என்றால் கண்ணாடித் தொட்டி எம்மாத்திரம்? அத்துடன் சூடான உப்புநீரில் பிராணவாயு குறைவு. 28 பாகையில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் கரைத்து வைத்துக்கொள்ளும், கடல்நீர் 6.4 தான்.

மலிவான தீர்வு, நீர்ப்பரப்பின்மேல் காற்றடிக்குமாறு ஒரு சிறு மின்விசிறி. மண்பானை நீர் குளிர்வதைப்போல ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் வறண்ட மேல்காற்றும் இவ்வேலையைச் செய்யும். ஆனால் அப்போது நீர் வற்றுவது அதிகம். முன்பு சொன்ன கோட்டைத் தவறாமல் கவனியுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடக் கூடாது.

பம்பு இரவு பகல் ஓட வேண்டும். 15 வாட் பம்பும், எட்டு மணி நேரம் எரியும் 20 வாட் விளக்கும் சேர்ந்து மாதம் சுமார் 16 யூனிட் செலவாகும். பம்புசெட்டுக்குக் கிடைத்த இலவச இணைப்பிலிருந்து இதற்கு ஒயர் இழுப்பது விதிமீறல். அந்த மும்முனைச் சப்ளை நாள் முழுவதும் வருவதுமில்லை. மின்சாரம் நின்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் மீன் திணறத் தொடங்கும். பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றைக் கையிருப்பில் வைத்திருங்கள். அதுவும் இல்லையானால் ஒரு செம்பு நீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருக்கலாம். (எவர்சில்வர் செம்பு என்று படிக்கவும்.) உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால், ஒயர்களைத் தொட்டிக்குக் கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலேறி பிளக்கில் சேருமாறு அமைக்க வேண்டும். வழியும் துளி பிளக்குக்குள் போகாது. கையை நீரில் விடுமுன் சுவிட்சை அணைக்கவும்.

மீன் விடுதலும் தீனியும்

பிராணவாயு நிரப்பிய பையில் வரும் குஞ்சை உடனே கொட்டக் கூடாது. பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தியபின், ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைப் பையில் சேர்க்க வேண்டும். பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டு, பை நீரைக் கொட்டிவிடுங்கள்.

சந்தையில் வாங்கிய மாட்டையோ கோழியையோ சில நாள் தனியே கட்டி வைப்பதுபோல, பின்னால் வாங்கும் எந்த மீனையும் மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். உடலில் உப்புத் தூவியதுபோன்ற வெண்புள்ளிகள், தோல் உரிதல், மூச்சிரைப்பு ஆகியவை ஒட்டுண்ணி நோயின் அறிகுறிகள். தாமிர மருந்து கொடுப்பதானாலும் அந்தத் தனித் தொட்டியிலேயே அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும், பெரிய தொட்டியில் ஊற்றக் கூடாது.

தீனி நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. கடல்மீன் குருணைத் தீனியோடு வாரம் ஓரிரு முறை பொடியாக நறுக்கிய பச்சை இறாலும் கொடுக்கலாம். ஆர்ட்டீமியா என்னும் உப்பளச் சிற்றிறால் மிகச் சிறந்த உணவு. தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் இது தானாகவே வளர்கிறது. மிஞ்சும் தீனி அம்மோனியாவாகும் என்பதை மேலே பார்த்தோம். ஒரு நாள் பட்டினி கிடந்து செத்த கோமாளி மீன் இல்லை. நன்கு பேணினால் பத்து ஆண்டுக்கு மேலும் வாழும்.

வயலுக்குப் போய் வந்த கை

நகரத்துப் புத்தகங்களில் இது இருக்காது. நமக்கு மிக அவசியம். விவசாயி வீட்டுத் தொட்டியில் மீன் சாவதற்குப் பூச்சிமருந்து ஒரு காரணமாகலாம். மருந்து அடித்த கையை, சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாலும், அன்று தொட்டிக்குள் விடாதீர்கள். தெளிப்பானுக்கு நீர் மொண்ட வாளியை இதற்கு எடுக்கக் கூடாது. பருத்திக்கும் காய்கறிக்கும் அடிக்கும் செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் மனிதனுக்கு ஓரளவு தீங்கு குறைந்தவை. மீனுக்கோ கொடிய நஞ்சு. கொசுவத்தி, கொசுவிரட்டித் திரவம், கரப்பான் தெளிப்பு ஆகியவற்றில் இருப்பதும் இதே வகை மருந்துதான். காற்றுப் பம்பு அந்த அறைக் காற்றை அப்படியே நீருக்குள் செலுத்துகிறது. தொட்டி உள்ள அறையில் கொசுவலையே கட்டிக்கொள்ளுங்கள்.

உபதொழிலாக ஏற்றதா?

சோடி சேர்ந்து ஓராண்டுக்குமேல் ஆன மீன்கள் மாதம் இருமுறை சில நூறு முட்டைகள் இடும். ஆரஞ்சு நிற முட்டைகளைப் பானைச் சுவரில் ஒட்டி வைத்து, ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காக்கும். ஏழு, எட்டாம் நாள் இருட்டியபின் பொரிக்கும். இதுவரை எளிது. பொரித்த குஞ்சுக்கு உடனே ரோட்டிஃபர் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும், அதற்கு உணவாகப் பச்சை நுண்பாசியும் தனித்தனியே இடைவிடாமல் வளர்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நாள் அது தவறினால் அத்தனை குஞ்சும் போய்விடும். பின்னர் ஆர்ட்டீமியா குஞ்சு. இரண்டு வாரத்தில் பட்டைகள் தோன்றும். விற்கும் அளவுக்கு வர மூன்று நான்கு மாதங்கள்.

எனவே அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி போன்ற ஆற்றுப்பாசன ஊர்களில் உள்ளவர்கள் இதனை வருமானத்துக்காகத் தொடங்குவதை நாம் பரிந்துரைக்கவில்லை. அங்கே நன்னீர் இருக்கிறது. மோலி, கப்பி, தேவதை மீன் ஆகிய நன்னீர் இனங்களே குறைந்த செலவில் பலன் தரும். (தாமிரபரணிக்கே உரிய அழகிய கெண்டை ஒன்று உண்டு. 1950-களில் அதனை அறிவியலுக்கு அறிமுகம் செய்த இ. ஜி. சைலஸ் பின்னாளில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட இனமாதலால் அதை ஆற்றில் பிடித்து விற்க வேண்டாம்.) திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், உவரி போன்ற கடலோரப் பகுதியில், கடல்நீர் அருகில் கிடைத்து, வீட்டில் ஒருவர் முழுநேரமும் கவனிக்க முடியுமானால் யோசிக்கலாம். அவர்களும் பொரிப்பகக் குஞ்சுகளை வாங்கி விற்பனை அளவுக்கு வளர்ப்பதிலிருந்தே தொடங்க வேண்டும், முட்டை பொரிப்பதிலிருந்து அல்ல. விற்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வைக்காமல் ஒரு தொட்டி கூட வாங்க வேண்டாம்.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகத் தொடங்கப்பட்டது. இப்போது நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ளது. அலங்கார மீன் வளர்ப்புப் பற்றிய ஆலோசனையை அங்கும், மண்டபம், தூத்துக்குடி ஆகிய இடங்களிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையங்களிலும் கேட்டுப் பெறலாம்.

எடுத்த நீரை எங்கே ஊற்றுவது?

இரண்டு வாரத்துக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 520 லிட்டர். அதில் 18 கிலோ உப்பு இருக்கிறது. கடல்நீரின் மின்கடத்துத்திறன் சுமார் 50 டெசிசைமன். மண்ணில் 3-ஐத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். ஆகவே மீன் கழிவு உரமாயிற்றே என்று நினைத்து இந்நீரை நாற்றங்காலிலோ, வாழைக்கோ, கீரைப் பாத்தியிலோ ஊற்றிவிடாதீர்கள். வாய்க்காலிலும் கிணற்றடியிலும் கூடாது. தென்னங்குழியில் உப்பிடும் வழக்கம் உண்டு என்பதால் தென்னை இதை ஓரளவு தாங்கும்; ஆனால் ஒரே மரத்தடியில் தொடர்ந்து ஊற்றாமல், மழைக்காலத்தில், மரத்துக்கு மரம் மாற்றி ஊற்ற வேண்டும். தென்னை இல்லாதவர்கள் கழிவுநீர்ச் சாக்கடையிலேயே விடலாம். வளர்க்க முடியாமற் போன மீனைக் கடலிலோ ஆற்றிலோ விடக் கூடாது. தொட்டியில் பிடித்த நோய் கடலுக்குப் போகும்; ஆற்றில் விட்டால் அது அன்றே சாகும். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.